சட்டம் மாறும்போது அறம் மாறுமா?

சட்டம் விலக்கியதைச் செய்தல் குற்றம் என்பதை எல்லாரும் அறிவர். ஆனால், நேற்றுவரை சட்டம் தடுத்துவந்த ஒன்றை இன்று அதே சட்டம் அனுமதிக்குமாயின், அச்செயல் ஒரே இரவில் நல்லதாகி விடுமா? நேற்றுவரை எவரும் கேள்வி கேளாத ஒன்றை இன்று சட்டம் தடுக்குமாயின், அதனைக் கையில் வைத்திருந்தவன் ஒரே இரவில் தீயவனாகி விடுவானா? இவ்வினா புதியதன்று. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் இதனைத் தனக்கென ஒருமுறை கேட்டு விடைகாண வேண்டியிருக்கிறது. சட்டங்கள் விரைந்து மாறும் இக்காலத்தில் இவ்வினாவிலிருந்து எவரும் தப்ப இயலாது.

அறத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது எளிது. குறிப்பிட்ட ஒரு பொருளை முன்வைத்துப் பேசும்போதுதான் நம் கொள்கைகள் எத்துணை உறுதியுடையவை என்பது விளங்கும். ஆதலின், ஈண்டு ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கியின் குழல்வாயிற் பொருத்தப்படும் ஒலியடக்கியே அது. மக்கள் வழக்கில் அதனைச் சைலன்சர் என்பர்.

பள்ளித் தலைமையாசிரியனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என வாசகர் வியக்கக்கூடும். தொடர்பை உண்டாக்கியது ஒரு மடல். பினாங்கில் எம்மிடம் தொடக்கக் கல்வி பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்ட பழைய மாணவர் ஒருவர், 2025ஆம் ஆண்டின் இறுதியில் எனக்கு எழுதினார். டெக்சஸ் மாநிலத்தில் ஊருக்கு வெளியே அவருக்குச் சிறிது நிலம் உண்டு. காட்டுப்பன்றிகள் இரவில் வந்து பயிரை உழுதுபோட்டுச் செல்கின்றன. அவற்றைச் சுடுவதற்கு உரிய துப்பாக்கி அவரிடம் உள்ளது. இப்போது முதன்முறையாக ஓர் ஒலியடக்கி வாங்க எண்ணுகிறார். 1934ஆம் ஆண்டு முதல் அதற்கு விதிக்கப்பட்டிருந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் நீங்கவிருந்தது. “ஐயா, சட்டம் தடுக்கவில்லை, வரியும் போகப்போகிறது, கடைக்காரர் படிவத்தை நிரப்பச் சொல்கிறார். ஆயினும் என் மனம் உறுத்துகிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை” என்பது அவர் மடலின் சாரம்.

அந்த உறுத்தலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளின் இயல்பு

ஒன்றை நல்லது என்றோ தீயது என்றோ கூறுமுன் அது யாது என அறிதல் வேண்டும். ஒலியடக்கியைத் திரைப்படங்களிற் கண்டவர்கள், அதனைப் பொருத்தினால் துப்பாக்கி முணுமுணுப்பதுபோல் ஒலிக்கும் என எண்ணுவர். உண்மை அஃதன்று. துப்பாக்கி வெடிக்கும்போது, மருந்து எரிந்து உண்டான சூடான வாயு, குண்டின் பின்னே பேரழுத்தத்துடன் குழலைவிட்டு வெளிப்படுகிறது. அவ்வாயு திடீரென விரிவதே பேரோசைக்குக் காரணம். ஒலியடக்கியின் உள்ளே பல அறைகள் உண்டு. வாயு அவ்வறைகளிற் புகுந்து, சுழன்று, குளிர்ந்து, மெல்ல வெளியேறுகிறது. மோட்டார் வண்டியின் புகைக்குழாயிற் பொருத்தும் ஓசைக்குறைப்பியும் இதே முறையில்தான் இயங்குகிறது. பெரிய துப்பாக்கியின் ஓசை ஏறத்தாழ 160 டெசிபல். ஒலியடக்கி அதனை 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். காதைக் கெடுக்கும் ஓசை, காது ஓரளவு தாங்கும் ஓசையாகிறதே தவிர, ஓசையே இல்லாமற் போவதில்லை. குண்டு ஒலியினும் விரைந்து செல்லுமாயின், காற்றைக் கிழிக்கும் அதன் ஓசையை எந்த ஒலியடக்கியும் தடுக்க இயலாது.

இதனை முதன்முதலிற் பெருவெற்றியுடன் விற்பனைக்குக் கொணர்ந்தவர் ஹைரம் பெர்சி மாக்சிம் என்னும் அமெரிக்கர். 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். அவருடைய தந்தையாரோ இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். தந்தை, குண்டுகளை மழையெனப் பொழியும் கருவியைப் படைத்தார். மைந்தர், அவ்வோசையை அடக்கும் கருவியைப் படைத்தார்.

இனி, நாடுகள் இதனை எவ்வாறு கருதுகின்றன எனக் காண்போம். அமெரிக்கா 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் இதனைப் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியது. 200 டாலர் என்பது அந்நாளில் ஒலியடக்கியின் விலையைவிடப் பன்மடங்கு மிகுதி. தடை என்று சொல்லாமலே தடுத்த வரி அது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அத்தொகை மாறவே இல்லை. பணத்தின் மதிப்பு வீழ வீழ, தடையாக இருந்தது வெறுங்கட்டணமாகத் தேய்ந்தது. 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அதுவும் நீங்கியது. எனினும் பதிவும், கைரேகையும், பின்னணிச் சோதனையும் நீங்கவில்லை. அந்நாட்டிலேயே கலிபோர்னியா, நியூயார்க் முதலிய மாநிலங்கள் பொதுமக்கள் அதனை வைத்திருத்தலை முற்றாகத் தடுத்துள்ளன. பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டையாடுவோரிடம் அது பரவலாகக் காணப்படுகிறது. அயலாரின் உறக்கத்தைக் கெடுக்காத பண்பாகவே அதனை அங்குப் பலர் கருதுவர். நம் மலேசியாவிலோ, 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் ஓசையை அல்லது ஒளியைக் குறைக்கும் துணைக்கருவியையும் ஆயுதம் என்னும் சொல்லுக்குள் அடக்கிவிட்டது.

ஒரே உலோகக் குழாய்தான். ஓரிடத்தில் அது பண்பு, ஓரிடத்தில் வரிக்குரிய பொருள், ஓரிடத்திற் குற்றம். அப்படியாயின், நன்மையும் தீமையும் எல்லைக்கல்லைப் பொறுத்தவையா?

மூவகைச் செயல்கள்

இங்கு நாம் ஒரு பாகுபாடு செய்தல் வேண்டும். மனிதர் செய்யும் செயல்களுள் சில, சட்டம் இருப்பினும் இல்லாவிடினும் தீயவை. குற்றமற்றவனைக் கொல்லுதல், குழந்தையை வருத்துதல், நம்பியவனை வஞ்சித்தல் ஆகியன அத்தகையன. எந்த நாடாளுமன்றமும் வாக்கெடுத்து இவற்றை நல்லவையாக்க இயலாது. வேறு சில, சட்டம் சொல்வதனால் மட்டுமே சரியோ தவறோ ஆவன. சாலையில் இடப்புறம் செல்லுதல் மலேசியாவிற் சரி, அமெரிக்காவில் தவறு. இடப்புறத்திற்கென்று தனிப்புனிதம் எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே புறம் செல்லுதலே வேண்டுவது.

இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதொரு வகை உண்டு. அவ்வகைப் பொருள்கள் தம்மளவில் நல்லவையும் அல்ல; தீயவையும் அல்ல. பிடிக்கும் கையையும், பிடிக்கும் காலத்தையும், சுற்றியுள்ள சமுதாயத்தின் நிலையையும் பொறுத்து அவற்றால் விளையும் தீங்கு கூடும், குறையும். அத்தீங்கு எவ்வளவு என எவரும் துல்லியமாக அளந்து சொல்ல இயலாது. ஆகவே சட்டம் தன்னாலியன்ற அளவில் மதிப்பிட்டு ஒரு கோட்டை வரைகிறது. காலம் மாறும்போது அக்கோட்டை நகர்த்துகிறது. கத்தி, நச்சுமருந்து, வெடி, துப்பாக்கி, ஒலியடக்கி யாவும் இவ்வகையின.

பொருளின் பொருள் காலத்தால் மாறுவதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டையின் மதில்மேல் நிற்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். 1603இல் டச்சுக்காரர்களால் வார்க்கப்பட்டுப் பல கைகள் மாறிவந்த கருவி அது. உயிர்களைப் போக்குதற்கென வார்க்கப்பட்ட அதன் வாயில், மகப்பேறு வேண்டிய பெண்கள் மலர் வைத்து வழிபட்ட வழக்கமும் இவ்வூரில் இருந்தது. பீரங்கியின் வெண்கலம் மாறவில்லை; மனிதர் அதனோடு கொண்ட உறவே மாறியது.

சட்டத்தின் கோடு நகர்கிறது என்பதைக் கண்டவுடன் மக்கள் இரண்டு தவறான முடிவுகளில் ஒன்றைக் கைக்கொள்கின்றனர். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் தவறு: என் நெஞ்சே எனக்குச் சட்டம்

“சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஆதலின் அதற்கு மதிப்பு இல்லை. என் நெஞ்சு தூயது, அது போதும்” என்பர் சிலர். கேட்பதற்கு வீரம்போல் ஒலிக்கும் இக்கூற்றில் ஒரு குறை உள்ளது. என் நெஞ்சு தூயதென்பதை நான் அறிவேன். என் அண்டை வீட்டார் எவ்வாறு அறிவர்? சுவருக்கு அப்பால் வாழ்பவர் என் உள்ளத்தினுள் புகுந்து பார்க்க இயலாது. அவர் நம்பியிருப்பது என் நல்லெண்ணத்தை அன்று. இருவர்க்கும் பொதுவான விதியை. சட்டத்தின் முதற்பயன் தீயவனைத் தண்டித்தல் என நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதன் முதற்பயன், ஒருவரையொருவர் அறியாத மக்கள் அச்சமின்றி அருகருகே வாழ இயலுமாறு செய்தலேயாம். நல்லவனும் உரிமம் பெறவேண்டும் என்பது நல்லவனை ஐயுறுதல் அன்று. நல்லவன் இவன், தீயவன் இவன் என முகத்திற் காட்டும் கண்ணாடி எவரிடமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுதல்.

கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரத்துச் சிறையில் இருந்த சாக்ரடீஸ், தப்பிச் செல்ல வழியிருந்தும் மறுத்தார். தமக்கு வழங்கப்பட்ட தீர்ப்பு நேரியது என அவர் கருதவில்லை. ஆயினும், தமக்கு வசதியான நாளில் சட்டத்தின் நிழலில் வாழ்ந்து, வசதியற்ற நாளில் அதனை உதறிச் செல்வது முறையன்று என எண்ணினார். அவர் முடிவை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆயினும், சட்டத்தை மீறுமுன் இத்துணை ஆழமாக எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு என்பதை மறுத்தல் இயலாது.

இரண்டாம் தவறு: சட்டமே என் நெஞ்சு

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறானவர். “சட்டம் அனுமதித்துவிட்டது, இனி எண்ணுதற்கு என்ன இருக்கிறது?” என்பது அவர்தம் கூற்று. சட்டம் ஒரு வேலி. வேலிக்கு அப்பால் செல்லாதே என்பதை அது கூறும். வேலிக்குள் எதனை நடவேண்டும் என்பதை அது கூறுவதில்லை. “செய்யலாமா?” என்னும் வினாவிற்குச் சட்டத்தில் விடை உண்டு. “செய்யத் தகுமா?” என்னும் வினாவிற்கு அங்கே விடை இல்லை. வேலி அகலும்போது நம் பொறுப்பும் உடன் அகல்கிறது. முன்பு சட்டம் நமக்காக எண்ணியதை இப்போது நாமே எண்ண வேண்டியிருக்கிறது.

ஒலியடக்கியைப் பொறுத்தவரை எண்ணத்தக்கது எது? கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலிற் கைஜஸ் என்னும் இடையனின் மோதிரத்தைப் பற்றி ஒரு கதையை அமைத்துள்ளார். மோதிரத்தைத் திருப்பினால் அணிந்தவன் பிறர் கண்ணுக்குப் புலப்படமாட்டான். அம்மோதிரம் பெற்ற இடையன் அரசனைக் கொன்று அரியணையையே கவர்ந்தான். எவரும் காணாவிடத்தும் மனிதன் நேரியவனாக இருப்பானா என்பதே அக்கதை எழுப்பும் வினா.

துப்பாக்கியின் ஓசை ஒரு சாட்சி. கண்ணுக்குத் தொலைவிலுள்ளவர்க்கும், இருளில் உள்ளவர்க்கும், “இங்கே ஒருவன் உயிர்போக்கும் கருவியை இயக்கினான்” என அது அறிவிக்கிறது. அவ்வறிவிப்பைக் கேட்டு ஒதுங்குவோர் ஒதுங்குவர். உதவிக்கு ஓடிவருவோர் ஓடிவருவர். ஓசையைக் குறைப்பவன் அச்சாட்சியின் குரலைத் தாழ்த்துகிறான். மறுபுறம், அதே ஓசை சுடுபவனின் செவியைக் கெடுக்கிறது. தொட்டிலில் உறங்கும் அண்டைவீட்டுக் குழந்தையை அலறச் செய்கிறது. ஆகவே ஓசையைக் குறைத்தல் ஒருவகையிற் கனிவு; மற்றொரு வகையில் மறைப்பு. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி யாது?

என் கருத்தில் வழி எளியது. அயலாரின் நலத்துக்காக ஓசையைக் குறைப்பவன், அதனை அயலாரிடம் சொல்லிவிட்டே செய்ய இயலும். மறைத்தற்காகக் குறைப்பவனாற் சொல்ல இயலாது. சொல்லிச் செய்யத்தக்க அமைதி ஒன்று. சொல்லாமற் செய்யவேண்டிய அமைதி மற்றொன்று. ஒன்று பண்பின்பாற்படும், மற்றொன்று கைஜஸின் மோதிரம்.

சட்டத்திற்கும் கடமை உண்டு

இதுவரை குடிமகனின் கடமையையே கூறினோம். அது பாதி உண்மையே. குடிமகனிடம் பணிவைக் கேட்கும் சட்டம், அவனுக்குச் செய்யவேண்டிய கடமையும் உண்டு. திருக்குறளிற் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமாகவே கொடுங்கோன்மை அமைந்திருத்தல் கருதத்தக்கது. இரண்டும் ஒரே கோலின் இருநிலைகள்.

துப்பாக்கிச் சட்டங்கள் எவ்வாறு மாறும் என்பதை மலாயாத் தமிழர் கசப்புடன் அறிந்தவர்கள். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில், அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி கைத்துப்பாக்கியுடன் கைது செய்யப்பட்டார். இந்திய அரசு கருணை கோரியது. ஆயினும் 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவர் எவரையும் சுட்டார் என்பதன்று குற்றச்சாட்டு. கையில் வைத்திருந்தார் என்பதே. நாட்டின் நிலை கொந்தளிப்பாக இருந்தது உண்மை. தோட்டங்களில் உயிர்கள் பறிக்கப்பட்டதும் உண்மை. கடுஞ்சட்டம் தேவையே இல்லை என நான் கூறவில்லை. வைத்திருந்தவனுக்கும் கொன்றவனுக்கும் ஒரே முடிவு என வகுத்த சட்டம், அளவறிந்து தண்டித்தல் என்னும் செங்கோல் நெறியிலிருந்து விலகியது என்றே கூறுகிறேன்.

பினாங்கின் வரலாற்றிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1969 மே கலவரத்திற்குப் பின்னர் நாடு முழுதும் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய வட்டாரத்தில் உரிய காரணமின்றிச் சுடுகலன் வைத்திருப்போர்க்கு, 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு மரணதண்டனை ஒன்றையே விதித்தது. 1975இல் வந்த ஒழுங்குமுறைகள் இவ்வழக்குகளை விசாரிக்கும் முறையையும் மாற்றின. சிறார்க்குரிய தனிப் பாதுகாப்பையும் நீக்கின. 1977இல் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, துப்பாக்கி வைத்திருந்தான் என்பதற்காகத் தூக்குத்தண்டனை வழங்கப்பட்டது. நீதிபதிக்கு வேறு தண்டனை வழங்கும் உரிமையே இல்லை. நாடெங்கும் அதிர்ச்சி பரவியது. மன்னிப்பு வாரியத்தின் வழியே அச்சிறுவன் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றப்பட்டான். அதே ஆண்டில் வழக்கறிஞர் மன்றம், அவ்வொழுங்குமுறைகளின்கீழ் நடைபெறும் வழக்குகளில் தோன்றுவதில்லை எனத் தீர்மானித்தது.

மற்றுமொரு பினாங்கு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தே செங் போ வழக்கு எனச் சட்டம் பயில்வோர் அதனை அறிவர். 1971இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடிய பிறகு, அவசரகாலச் சட்டத்தைக் கொண்டு மேலும் ஒழுங்குமுறைகளை இயற்றும் அதிகாரம் இல்லை. ஆதலின் 1975ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் செல்லா என 1978 டிசம்பரில் அக்கவுன்சில் தீர்ப்பளித்தது. அடுத்த திங்களே, 1979 ஜனவரியில், நாடாளுமன்றம் புதிய சட்டமொன்றை இயற்றி, செல்லாதன என்று தீர்ப்பளிக்கப்பட்டவை தொடக்கமுதலே செல்லும் எனப் பின்னோக்கி உறுதிசெய்தது. துப்பாக்கி வைத்திருத்தல் முன்னரும் குற்றமே, அதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவன் உயிரை எடுக்கும் விசாரணை எம்முறையில் நடக்கவேண்டும் என்னும் விதியை, விசாரணை முடிந்த பின்னர் எழுதலாமா? ஆட்டம் முடிந்தபின் கோட்டை நகர்த்துதல் ஆட்டக்களத்திலேயே ஏற்கப்படுவதில்லை. உயிர் பணயமாக உள்ள இடத்தில் அஃது எவ்வாறு ஏற்கப்படும்?

இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் உலகில் உண்டு. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரலில் 35 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அந்நாடு பலவகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது. ஆனால் முன்பு முறையாக வாங்கியவர்களைக் குற்றவாளிகள் எனக் கூறவில்லை. காலக்கெடு கொடுத்து, விலையும் கொடுத்து, ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பெற்றுக்கொண்டது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபின் நியூசிலாந்தும் அவ்வாறே செய்தது. சட்டம் மாறியது, கடுமையாகவே மாறியது. ஆயினும் நேற்றைய நேர்மையை இன்றைய குற்றமாக்கவில்லை. மாறும் சட்டமும் மானமுள்ள சட்டமாக இருக்கக்கூடும் என்பதற்கு இவை சான்று.

நம் நாடும் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 2023இல் கட்டாய மரணதண்டனை ஒழிக்கப்பட்டு, சூழலை ஆய்ந்து தண்டனையைத் தேரும் உரிமை நீதிபதிகளுக்கு மீட்டளிக்கப்பட்டது. 1977இல் ஒரு சிறுவனுக்குக் கிட்டாத அந்த ஆய்வு இன்று சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது.

உறுத்தலின் வேர்

இனி மாணவரின் மடலுக்கு வருவோம். சட்டம் அனுமதித்த பின்னும் அவர் மனம் உறுத்துவானேன்? மனச்சான்று வானத்திலிருந்து இறங்கி நம்முள் அமர்ந்த தெய்வம் அன்று. நாம் பிறந்த மண்ணின் பழக்கங்களும், பெற்றோரின் அச்சங்களும், முன்னைய சட்டங்களின் தழும்புகளும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. துப்பாக்கி என்றாலே தூக்குமேடை என எண்ணிய தலைமுறையின் மடியில் வளர்ந்தவர் அவர். சட்டம் கடல்கடந்து அவருடன் செல்லவில்லை. அதன் நிழல் சென்றிருக்கிறது.

அப்படியாயின், அவ்வுறுத்தல் வெறும் பழக்கந்தான், உதறிவிடலாம் என்று கூறலாமா? கூடாது. உறுத்தல் எங்கிருந்து வந்தது என அறிதல் வேறு. அது சொல்வது உண்மையா என ஆராய்தல் வேறு. பாட்டி சொன்னாள் என்பதால் ஒன்று மெய்யாவதும் இல்லை, பொய்யாவதும் இல்லை. உறுத்தல் தீர்ப்பு அன்று. அஃது ஒரு வினா. வினாவை நசுக்குதலும் தவறு. விடையெனக் கொள்ளுதலும் தவறு. அதற்கு விடையளித்தலே அறிவுடையோர் செயல்.

ஆதலின் அவருக்கு நான் “வாங்குக” என்றும் எழுதவில்லை. “வாங்கற்க” என்றும் எழுதவில்லை. அந்நாட்டின் மண்ணையும் பன்றியையும் அறியாத நான் அவ்வாறு எழுதுவது பொருந்தாது. தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுமாறு மூன்று வினாக்களை எழுதினேன்.

முதலாவது, வரி நீங்காதிருப்பின் இது தேவையாக இருந்திருக்குமா? செவியையும் அயலாரையும் காப்பதே நோக்கமாயின், அந்நோக்கம் டிசம்பரிலும் இருந்தது, ஜனவரியிலும் இருக்கும். விலை குறைந்ததனால் மட்டும் தோன்றிய தேவை, தேவையின் உடையணிந்து வந்த ஆசையே. அதனை அறிந்துகொண்டாவது வாங்கவேண்டும்.

இரண்டாவது, வேலிக்கு அப்பால் வாழ்பவரிடம் இதனைச் சொல்லிவிட்டு வாங்க இயலுமா? இயலுமாயின் நெஞ்சு நேராக உள்ளது. நா தயங்குமாயின், அத்தயக்கத்தின் காரணத்தைத் தேடவேண்டும்.

மூன்றாவது, நாளை அந்நாட்டுச் சட்டம் மீண்டும் மாறி, “ஒப்படைத்துவிடு” என்று கூறுமாயின், கசப்பின்றி இல்லாவிடினும் ஒளிக்காமல் ஒப்படைக்க இயலுமா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எத்தனையோ எளிய குடியானவர்கள் வரிசையில் நின்று ஒப்படைத்தார்கள். விடமுடியாத பொருளை நாம் உடைமை என்கிறோம். உண்மையில் நாமே அதன் உடைமை ஆகிவிடுகிறோம். மாறும் சட்டங்களுக்கு நடுவே ஒரு பொருளை வாங்குபவன், அதனை விடும் உள்ளத்தையும் உடன்கொண்டே வாங்குதல் வேண்டும்.

இம்மூன்றிற்கும் நேரிய விடை கிடைக்குமாயின், அவர் வாங்குவதில் அறத்திற்கு ஊறில்லை. கிடைக்காவிடின், சட்டம் ஆயிரம் முறை அனுமதித்தாலும் அவ்வாங்குதல் தூயதாகாது. விதி மாறிக்கொண்டிருக்கும் இடைக்காலத்தில் மட்டும் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். புதிய விதி நடைமுறைக்கு வரும்வரை பழைய விதியே விதி. வரப்போகும் தளர்வை முன்கூட்டியே துய்க்க முயல்பவன், வரப்போகும் கடுமையையும் முன்கூட்டியே ஏற்பானா?

ஆசிரியர்க்கு ஒரு சொல்

துப்பாக்கி நம் பள்ளிக்குள் வருவதில்லை, வரவும் கூடாது. ஆயினும் விதிகள் நாள்தோறும் வருகின்றன. இன்று காலை எழுதிய விதியைக் காட்டி நேற்றைய செயலுக்குத் தண்டிக்கும் ஆசிரியரை ஏழு வயதுக் குழந்தையும் மன்னிக்காது. சட்டமேதைகள் நெடுநாள் வாதாடிய கொள்கையை அக்குழந்தை எவரும் கற்பிக்காமலே அறிந்திருக்கிறது. அவ்வறிவை நாம் கெடுக்காமற் காத்தல் வேண்டும். விதியை முன்னரே சொல்லுவோம்; காரணத்தோடு சொல்லுவோம்; தண்டிக்குமுன் கேட்போம்; மாற்ற நேர்ந்தால் வெளிப்படையாக மாற்றுவோம். அவ்வாறு நடத்தப்பட்ட குழந்தைதான் வளர்ந்தபின் சட்டத்தை அஞ்சாமல் மதிக்கும்.

அதனோடு மற்றொன்றையும் கற்பிப்போம். மாணவன் “இதைச் செய்யலாமா, ஐயா?” என்று கேட்கும்போது, ஆம் அல்லது இல்லை என்று விடைகூறி அனுப்பிவிடாமல், “செய்யத் தகுமா என்றும் எண்ணிப் பார்” எனச் சொல்லி அனுப்புவோம். முதல் வினாவின் விடை நாட்டுக்கு நாடு மாறும். ஆண்டுக்கு ஆண்டு மாறும். இரண்டாம் வினாவைக் கேட்கும் பழக்கம் அவன் எந்நாட்டில் எச்சட்டத்தின்கீழ் வாழ்ந்தாலும் அவனோடு செல்லும். சட்டம் மாறும்போது அறம் மாறுவதில்லை; அறத்தை எண்ணிப் பார்க்கவேண்டிய பொறுப்பே நம் தோளுக்கு மாறுகிறது.